போகாத ஊருக்குப் பாட்டு

பெய்ரூட் என்ற அமெரிக்க இசைக்குழுவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு குறையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்: அதை நடத்தும் பாடகர் ஸாக் காண்டன் போகாத ஊருக்குப் பாட்டுக் கட்டுகிறவர். நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபேயில் வளர்ந்தவர், குழுவுக்கு வைத்ததோ லெபனான் தலைநகரின் பெயர். 2006ல் வந்த முதல் ஆல்பம் 'குலாக் ஓர்கெஸ்டார்' முழுக்க பிராண்டன்பர்க், பிராட்டிஸ்லாவா, பிரென்ஸ்லாவர்பெர்க், ரைன்லாந்து என்று ஐரோப்பிய வரைபடம்தான். அப்போது அவருக்கு வயது 20. ஆல்பத்தின் பெரும்பகுதி அல்புகெர்கியில் ஒரு படுக்கையறையில் பதிவானது. லெபனானில் அந்தக் குழு முதன்முதலாக வாசித்தது 2014ல், பிப்லோஸ் விழாவில். இவற்றை வரிசையாக அடுக்கி வைத்தால் வழக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். எனக்கு அந்தத் தீர்ப்பு எப்போதும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஊர்ப்பெயரை மட்டும் நம்பி எழுதிய பாட்டு இரண்டு வருடம் தாங்காது. அந்த முதல் ஆல்பத்தின் 'போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் இட்டலி' கிட்டத்தட்ட இருபது வருடமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

குறை சொல்கிறவர்கள் பாட்டின் தலைப்பைப் படிக்கிறார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் குற்றம் இன்னும் பெரிதாகத் தெரியும். 'நாந்த்' பாட்டில் நாந்த் நகரத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் இட்டலி'யில் இத்தாலி கிடையாது. மெட்டு முதலில், சொல் கடைசியில் என்பதுதான் தன் வழக்கம் என்று காண்டனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாடும்போது உயிரெழுத்துகளை இழுத்து மெய்யெழுத்துகளை விழுங்கிவிடுகிறார், அவருடைய தொண்டையே இன்னொரு ஊதுகருவி மாதிரிதான் வேலை செய்கிறது. ஆகவே பயணத்தை வரிகளில் தேடினால் கையில் எதுவும் சிக்காது. கருவிகளில் தேட வேண்டும். எந்த வாத்தியம் எந்த ஊரிலிருந்து எப்படிக் கைக்கு வந்தது, அதில் எது பழுது, அந்தப் பழுது மெட்டை எங்கே தள்ளியது என்று பார்த்தால் இந்தக் குழுவின் ஒலி மாறிய கதை முழுவதும் கிடைத்துவிடும்.

படுக்கையறைக்குள் ஒரு பேண்ட்

முதல் ஆல்பத்தில் கிட்டார் கிடையாது. இளம்வயதில் காண்டனுக்கு இடது மணிக்கட்டில் அடிபட்டது, கிட்டாரின் அகலமான கழுத்தைப் பிடிப்பது சிரமம். எனவே கிட்டாரின் குட்டித் தம்பியான உகுலேலே. நான்கே தந்தி: ஜி, சி, இ, ஏ. வழக்கமான சுருதிகூட்டலில் முதலில் இருக்கும் ஜி தந்தி கீழ்ஸ்தாயியில் இருக்காது, சி தந்தியைவிட மேலே நிற்கும். அதனால் உகுலேலேயில் எந்த சுரக்கூட்டைப் பிடித்தாலும் எல்லா சுரங்களும் ஒரே குறுகிய இடத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும், கீழே பாஸ் பகுதி காலியாகவே கிடக்கும். கிட்டார் பாட்டில் அந்த இடத்தைக் கிட்டாரே நிரப்பிவிடுகிறது. இங்கே அதை நிரப்ப வேறு யாராவது வர வேண்டும். அக்கார்டியனின் இடது கை வந்தது, கனத்த குரலுள்ள பித்தளை ஊதுகருவி யூஃபோனியம் வந்தது, மேலே டிரம்பெட்டின் உறவான ஃப்ளூகல்ஹார்ன் வந்தது. ஒரு மணிக்கட்டுக் காயத்திலிருந்து ஒரு வாத்திய கோஷ்டியின் அமைப்பே பிறந்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்தப் பாட்டுகளைக் கிட்டாரில் வாசித்துப் பார்த்தால் ஊதுகருவிகளுக்கு இடமே மிஞ்சாது.

ஃப்ளூகல்ஹார்னும் டிரம்பெட்டும் ஒரே நீளக் குழாய், ஒரே சுருதி, பி ஃபிளாட். வித்தியாசம் குழாயின் உட்புறத்தில். டிரம்பெட் பெரும்பாலான தூரம் ஒரே விட்டத்தில் போய்க் கடைசியில் விரிகிறது. ஃப்ளூகல்ஹார்ன் தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டே போகிறது, அதன் ஊதுவாயும் ஆழமானது. விளைவு, மேல் அதிர்வுகள் மங்கி ஒலி இருண்டு உருண்டு வரும். செர்பியா, மாசிடோனியா, ருமேனியா அடங்கிய பால்கன் பக்கத்துப் பித்தளை பேண்டுகளில் ராகம் சொல்வது பெரும்பாலும் இந்தக் கருவிதான். பதின்வயதில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு அண்ணனோடு ஐரோப்பாவில் சுற்றியபோது காண்டன் காதில் விழுந்தது அந்த ஒலி.

அதை ஒற்றை ஆளாக ஒரு அறையில் உண்டாக்குவது எப்படி? ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிவு செய்வதுதான். செய்து பார்த்தவர்களுக்கு இதில் வரும் சிக்கல் தெரியும். ஒரே உதடு, ஒரே கருவி, ஒரே மைக், ஒரே அறை என்று ஆறு அடுக்கு போட்டால் ஆறு பேர் வாசித்த மாதிரி இருக்காது, ஒரே ஆள் தடித்துப்போன மாதிரி இருக்கும். ஏனென்றால் ஆறிலும் பிழை ஒரே இடத்தில் விழுகிறது. இந்த உதட்டில் மேல்ஸ்தாயி ஏ சுரம் கொஞ்சம் உயரும் என்றால் ஆறு அடுக்கிலும் உயரும். தீர்வு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஏதாவது ஒன்றை மாற்றுவது: மைக்கிலிருந்து ஒரு தடவை அரை மீட்டர், அடுத்த தடவை இரண்டு மீட்டர், டிரம்பெட்டுக்குப் பதில் ஃப்ளூகல்ஹார்ன், மணிவாயை மைக்குக்கு நேராக வைக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்புவது. ரிப்பன் மைக் கிடைத்தால் நல்லது, பித்தளையின் மேல்பகுதிக் கூச்சலை அது தானாகவே மழுக்கிவிடும். சுருதியைக் கணினியில் திருத்தக் கூடாது. 440 ஹெர்ட்ஸில் இரு கருவிகள் 10 சென்ட் (அரைசுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகி நின்றால் நொடிக்கு இரண்டரை முறை அலை தட்டும். 'பேண்ட் வாசிக்கிறது' என்று காது முடிவு செய்வது அந்தத் தட்டலை வைத்துத்தான். அதைத் திருத்திவிட்டால் மிஞ்சுவது கீபோர்டில் வரும் பித்தளை ஒலி. 'குலாக் ஓர்கெஸ்டார்' சுருதி சுத்தமான ஆல்பம் இல்லை. ஜெரமி பார்ன்ஸின் டிரம்ஸும் ஹெதர் டிராஸ்டின் வயலினும் சேர்ந்தது அதற்கு இன்னொரு உதவி. குறைந்தபட்சம் அந்த இடங்களிலாவது பிழை வேறொருவருடையது.

ஆனாலும் இதை பால்கன் இசை என்று சொல்ல முடியாது. காண்டன் அங்கிருந்து எடுத்தது ஒலியின் நிறத்தை. தாளத்தை எடுக்கவில்லை. அந்தப் பக்கத்து நடனங்களில் 2+2+3 என்று எண்ணும் 7/8, 2+2+2+3 என்று எண்ணும் 9/8 சர்வசாதாரணம். பெய்ரூட்டின் பிரபலமான பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். 'எலிஃபன்ட் கன்' மூன்று, 'எ சண்டே ஸ்மைல்' மூன்று, 'நாந்த்' நான்கு. ஐரோப்பிய வால்ட்ஸும் அமெரிக்க பாப்பும்தான் அடியில் ஓடுகின்றன. இப்படிப் பாதியை மட்டும் எடுப்பது ஒன்றும் புதுமை இல்லை. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தார். அங்கே மெட்டு வந்தது, பேண்டின் ஒலி வரவில்லை. இங்கே ஒலி வந்தது, நடை வரவில்லை. எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதில்தான் எடுத்தவரின் கை தெரிகிறது. தீட்சிதரைப் போலி என்று யாரும் சொல்வதில்லை.

வால்வு போன வழி

இரண்டாவது ஆல்பம் 'தி ஃப்ளையிங் கிளப் கப்' (2007) பிரான்ஸை நோக்கித் திரும்பியது. பறக்கத் தயாராக நிற்கும் வெப்பக்காற்றுப் பலூன்களின் பழைய வண்ணப் புகைப்படம் ஒன்றுதான் தூண்டுதல். கனடிய வயலின் கலைஞர் ஓவன் பாலெட்டின் தந்திக் கருவிகள் சேர்ந்தன, பதிவின் ஒரு பகுதி ஆர்கேட் ஃபயர் குழுவின் தேவாலய ஸ்டுடியோவில் நடந்தது. அழகான ஆல்பம். ஆனால் இங்கேதான் குறை சொல்பவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் சேர்கிறது. பால்கன் ஒலியைக் கைவிடாமலே மேலே பிரெஞ்சுப் பூச்சு பூசியிருப்பது பல இடங்களில் தெரிகிறது.

சரி, பால்கனுக்குப் பொருந்தும் கருவி பிரான்ஸுக்கும் பிறகு மெக்சிகோவுக்கும் இத்தாலிக்கும் எப்படிப் பொருந்துகிறது? காரணம் பித்தளை எங்குமே உள்ளூர்க்காரனாக இருந்ததில்லை. 1818ல் பிரஷ்யாவில் ஸ்டோல்ஸெல், ப்ளூமெல் இருவரும், விரலால் அழுத்திக் குழாயின் நீளத்தை மாற்றும் வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதுவரை இயற்கையான சில சுரங்களை மட்டுமே ஊத முடிந்த குழாய், அதற்குப் பிறகு எல்லா சுரமும் பேசியது. தொழிற்சாலையில் செய்யலாம், மழையில் நனைந்தாலும் கெடாது, சில மாதங்களில் ஒரு சிப்பாய்க்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். ராணுவங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போயின. ஒட்டோமான் சுல்தான் 1826ல் ஜானிசரி என்ற பழைய படையைக் கலைத்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து இத்தாலிய இசைக்கலைஞர் ஜுசெப்பே டோனிஸெட்டியை வரவழைத்து ஐரோப்பிய முறை பேண்டு அமைத்தார். மெக்சிகோவிலும் ராணுவ பேண்டு ஊர்களுக்குள் இறங்கித் திருவிழாவுக்கும் சாவுக்கும் வாசிக்கத் தொடங்கியது. நம் ஊரில் கல்யாண ஊர்வலத்தில் வரும் பேண்ட் செட்டுக்கும் பூர்வீகம் அதேதான். செர்பியக் கிராமம், மெக்சிகோவின் வஹாகா கிராமம், இத்தாலியின் புலியா கிராமம் மூன்றிலும் ஒரே இயந்திரம், மூன்று வெவ்வேறு ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் சாவுக்கும் சாமிக்கும் பழக்கியிருக்கிறார்கள். காண்டன் இந்த வழியைத் திட்டமிட்டுப் பின்தொடர்ந்தார் என்று நான் சொல்லவில்லை. கையில் இருந்த கருவி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

தெயோதித்லான்

எல்லாம் மாறிய இடம் 2008, மெக்சிகோவின் வஹாகா மாநிலம், தெயோதித்லான் தெல் வாயே. கம்பளி விரிப்பு நெசவுக்குப் பேர்போன ஊர், சாபொடெக் மொழி பேசும் ஊர். அங்கே ஹிமெனெஸ் பேண்ட் என்று 19 பேர் கொண்ட உள்ளூர் கோஷ்டி. அதுவரை தன் அறையில் தானே பேண்டாக நின்ற காண்டன், உண்மையான பேண்டின் முன்னால் போய் இசைக்குறிப்புத் தாளை நீட்டினார். பேச்சு மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான். 2009ல் 'மார்ச் ஆஃப் தி சாபொடெக்' என்று அது வெளிவந்தது.

அந்த ஆறு துண்டுகளைக் காது கொடுத்துக் கேட்டால், பழைய வித்தைகள் ஒவ்வொன்றாகச் செல்லாமல் போவது தெரியும். முதலில், இடம். உகுலேலே விட்டுவைத்த காலி பாஸில் இப்போது டியூபா என்ற பெரிய கீழ்ஸ்தாயிப் பித்தளைக் கருவி வந்து உட்கார்ந்துவிட்டது, அது யாருக்காகவும் நகராது. இரண்டாவது, பிழை. 19 பேரின் சுருதி விலகல் 19 திசையில் சிதறுகிறது. சிலர் மேலே, சிலர் கீழே, கிளாரினெட் வேறெங்கோ. அந்தச் சிதறல்தான் அவர் படுக்கையறையில் கஷ்டப்பட்டு வரவழைக்கப் பார்த்தது. இங்கே அது இலவசம். ஆனால் அதன் நடுவே ஒற்றைக் குரல் எந்தச் சுருதியைப் பிடித்து நிற்பது? மூன்றாவது, நடை. ஊர்வலத்தில் வாசித்துப் பழகிய பேண்டின் லயம் கால் நடையிலிருந்து வருகிறது. முன்னால் போகிறவர்கள் தாமதித்தால் அது தாமதிக்கும், திருப்பத்தில் கொஞ்சம் இழுக்கும். ஸ்டுடியோவில் காதுக்குள் சீராகத் தட்டும் கிளிக் ஓசைக்கு வாசிக்கச் சொன்னால் விறைத்துப்போகும். கிளிக் இல்லாமல் பதிவு செய்தால் பிறகு அதன் மேல் எதை ஏற்றினாலும் அந்த அசைவைப் படித்து மனப்பாடம் செய்துகொண்டுதான் ஏற்ற வேண்டும். ஒரு சுற்றில் பாதியை வெட்டி மறு சுற்றில் ஒட்டவும் முடியாது, வேகம் ஒத்துவராது. பொதுவாக இப்படிப்பட்ட கோஷ்டியைப் பதிவு செய்யும்போது ஆளுக்கொரு மைக் வைப்பதும் வீண். பெரிய முரசு எல்லா மைக்கிலும் வழிந்துவிடும். மெல்லிய கருவிகளை முன்னாலும் டியூபா, முரசுகளைப் பின்னாலும் நிறுத்தி, தூரத்தை வைத்தே சமன் செய்து, ஒரு ஜோடி மைக்கில் மொத்தமாகப் பிடிப்பதுதான் வழி. பிறகு ஒன்றை மட்டும் ஏற்றி இறக்குவது முடியாத காரியம்.

இதன் விளைவு 'தி ஷ்ரூ', 'லா யோரோனா' இரண்டிலும் தெளிவாகக் கேட்கிறது. பாட்டுக்காரர் தன் சொந்தப் பாட்டில் விருந்தாளி. குரல் பேண்டுக்குள் கரையவில்லை, வாசலில் நிற்கிறது. வெளியானபோது பலருக்கு இது பாதி வெந்த சோறாகப் பட்டது. எனக்கும் இது அவருடைய சிறந்த பதிவு என்று சொல்ல வாய் வராது. ஆனால் முந்தைய இரண்டு ஆல்பங்களிலும் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: எதிர்ப்பு. படுக்கையறையில் அடுக்கிய பேண்டு அவர் சொன்னதையெல்லாம் கேட்டது. தெயோதித்லான் பேண்டு தாளில் இருந்ததை வாசித்தது, ஆனால் தன் ஊர் வாசிப்பில் வாசித்தது.

அதைவிட முக்கியமான முடிவு வெளியீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. மெக்சிகோ பதிவுகளோடு சேர்த்து 'ஹாலந்து' என்று ஐந்து சிந்தசைஸர் பாட்டுகளை, ரியல்பீப்பிள் என்ற தன் பழைய புனைபெயரில், தனி இசைத்தட்டாகக் கொடுத்தார். இரண்டையும் கலக்கவில்லை. பேண்டின் ஒலியை எடுத்துத் துண்டு போட்டு எலக்ட்ரானிக் தாளத்தின் மேல் ஒட்டுவது 2009ல் மிகச் சுலபமான வேலை, நாகரிகமாகவும் இருந்திருக்கும். அதைச் செய்யாமல் விட்டதுதான் இந்தக் குழுவின் கதையில் திருப்பம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் எந்த ஊரின் பேண்டாகவும் நடிக்கவில்லை.

அதற்குப் பிறகு

2011ன் 'தி ரிப் டைட்' தன் சொந்த லேபிளான பாம்பெய் ரெக்கார்ட்ஸில் வந்தது. ஒன்பது பாட்டு, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தலைப்புகளில் சாந்தா ஃபே, ஈஸ்ட் ஹார்லெம், கோஷன்: வளர்ந்த ஊரும் வாழ்ந்த நியூயார்க் மாநிலமும். பித்தளை இப்போது பாப் பாட்டின் இடைவெளிகளில் நான்கு வரி வாசித்துவிட்டு ஒதுங்குகிறது. மேடைக்கு அதுவே வசதியும்கூட. பதிவில் பத்து அடுக்கு போடலாம், மேடையில் ஊதுகருவி மூன்றுதான். அப்போது மெட்டை இருவர் ஸ்தாயி பிரித்து வாசிப்பார்கள், டிராம்போன் அடி சுரத்தைப் பிடிக்கும், உள்சுரங்களை அக்கார்டியன் பார்த்துக்கொள்ளும். பாடகரே ஊதவும் வேண்டும் என்றால் பாட்டுக்கும் ஊதலுக்கும் நடுவே குறைந்தது இரண்டு தாளச் சுற்று மூச்சுக்கு விட வேண்டும். விடாவிட்டால் நிகழ்ச்சியின் பின்பாதியில் உதடு வீங்கி மேல்சுரம் உடையும், தொண்டையும் இறுகும். காண்டன் களைப்பாலும் தொண்டைக் கோளாறாலும் சுற்றுப்பயணங்களை ஒருமுறைக்கு மேல் ரத்து செய்தவர், 2019லும். 2015ன் 'நோ நோ நோ' பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று இன்னும் இளைத்தது. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இளைத்துவிட்டது.

'கலிப்போலி' (2019) ஒரு பழுதான ஆர்கனில் தொடங்கியது. சாந்தா ஃபேயில் சிறுவயதில் வேலை பார்த்த கலை மையத்தின் கிடங்கில், ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ் ஒன்றின் கீபோர்டுக்காரர் விட்டுப்போன ஃபார்ஃபிசா மின் ஆர்கன். சில கட்டைகள் வேலை செய்யாது என்பதால்தான் விட்டுப்போனார். ஆரம்பகாலப் பாட்டுகள் பல அதில்தான் உருவாயின. பெற்றோர் வீட்டிலிருந்து அதை நியூயார்க்குக்கு வரவழைத்து மறுபடி எழுதினார். இந்த வகை ஆர்கன் பழுதாவதில் ஒரு ஒழுங்கு உண்டு. 12 சுரத்துக்கு 12 மூல அலையாக்கிகள். ஒவ்வொன்றின் அதிர்வையும் இரண்டு இரண்டாக வகுத்துக் கீழ்ஸ்தாயிகள் உண்டாகும். ஒரு மூல அலையாக்கி நகர்ந்தால் எல்லா ஸ்தாயியிலும் அதே சுரம் ஒன்றாக நகரும். வகுக்கும் பகுதி ஒன்று செத்தால் அதற்குக் கீழே உள்ள ஸ்தாயிகளில் அந்தச் சுரம் ஊமை. ஆக, இதில் இசையமைப்பவர் அந்தச் சுரத்தைத் தவிர்த்தே மெட்டுக் கட்டிப் பழகுவார். கருவி ஒரு ராகத்தைத் திணித்துவிடுகிறது. ஃபார்ஃபிசா நிறுவனமே இத்தாலியின் அக்கார்டியன் தயாரிப்பாளர்கள் 1946ல் ஒன்றுசேர்ந்து தொடங்கியது என்பது இங்கே பொருத்தமான உபரித் தகவல். காண்டனின் முதல் ஆல்பத்து அக்கார்டியனுக்கும் இந்த ஆர்கனுக்கும் உறவு தூரமில்லை.

பதிவு நடந்தது தென்னித்தாலியின் புலியாவில், லெச்சே அருகே. கலிப்போலி என்ற பழைய கோட்டை நகரத்துக்கு (துருக்கியில் இருப்பது வேறு) ஓர் இரவு போனபோது, சாமி சிலையைத் தூக்கிப்போகும் ஊர்வலமும் அதோடு ஒரு பேண்டும். பின்னாலேயே நடந்தார்கள். மறுநாள் ஒரே அமர்வில் தலைப்புப் பாட்டு. புலியா பேண்டுகளில் ஃப்ளூகல்ஹார்னுக்குத் தனி மரியாதை உண்டு: திருவிழா மேடையில் ஓபரா வாசிக்கும்போது பெண்குரலின் பகுதி அதற்குத்தான், ஆண்குரல்கள் அதன் பெரிய உறவினர்களுக்கு. ஓபரா அரங்கத்துக்குப் போக வழியில்லாத ஊர்களில் பலர் ஓபராவைக் கேட்டதே இந்தக் குழாய் வழியாகத்தான். பத்து வருடத்துக்கு முந்தைய காண்டன் அந்தப் பேண்டைத் தன் பாட்டுக்குள் கூப்பிட்டிருப்பார். 2017ல் அவர் செய்தது, தன் ஆர்கனையும் ஊதுகருவிகளையும் பழுதான ஆம்ப்ளிஃபையர்கள், டேப் எக்கோக்கள் வழியாகச் செலுத்தி, தன் குழுவோடு வாசித்தது. ஊர்வலம் பாட்டின் நடையில் மட்டும் இருக்கிறது.

2023ன் 'ஹாட்ஸெல்' என் கணக்கில் உச்சம். நார்வேயின் வடபகுதியில் வெஸ்டரோலன் தீவுகளில் ஒன்றான ஹாட்ஸெலோயா, 1824ல் கட்டிய எண்கோண மரத் தேவாலயம், அதன் குழல் ஆர்கன். 2020ன் தொடக்கத்தில், சூரியன் சரியாகத் தலைகாட்டாத நாட்களில், காண்டன் அங்கே தனியாக. மறுபடி எல்லாக் கருவியும் அவரே, படுக்கையறை நாட்களைப் போல. 'ஸ்டோக்மார்க்னெஸ்', 'மெல்பு' என்று பாட்டுத் தலைப்புகளில் இன்னமும் ஊர்ப்பெயர்கள்தான், ஆனால் இரண்டும் அதே தீவின் இரு முனைகள்.

குளிர்ந்த தேவாலயத்தில் ஆர்கனோடு பித்தளையும் சிந்தசைஸரும் சேர்ப்பது எப்படிப்பட்ட தொல்லை என்று தெரிந்தால் ஆல்பத்தை இன்னும் ரசிக்கலாம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் குழலின் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும். 20 டிகிரியில் சுருதி சேர்த்த ஆர்கன், அறை 10 டிகிரிக்குப் போனால் 30 சென்ட் கீழே, அதாவது அரைசுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. பித்தளையும் குளிரில் இறங்கத்தான் செய்யும். ஆனால் ஊதுகிறவரின் மூச்சு அதைச் சூடாக்கிவிடும், பத்து நிமிடத்தில் ஆர்கனைவிட மேலே ஏறி நிற்கும். 30 சென்ட் இறக்க வேண்டுமென்றால் குழாயை இரண்டரை சென்டிமீட்டர் நீட்ட வேண்டும். டிரம்பெட்டின் சுருதிக் குழாய் இரட்டையாக வளைந்தது என்பதால் அதில் பாதி இழுத்தால் போதும், ஃப்ளூகல்ஹார்னில் ஊதுவாய்க் குழாய் நேராக இருப்பதால் முழுவதையும் இழுக்க வேண்டும். அவ்வளவு இழுத்தபின் மூன்று வால்வுகளின் குழாய்களும் விகிதம் தப்பிப்போகும், அவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். சிந்தசைஸருக்கு வெயிலும் பனியும் தெரியாது, 440 ஹெர்ட்ஸிலேயே நிற்கும், அதைக் கையால் கீழே இறக்கிக் கொண்டுவர வேண்டும். மற்ற எல்லாம் நகரும், ஆர்கன் நகராது. காலையில் உள்ளே போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆர்கனில் ஏ கட்டையை அழுத்தி, அன்றைக்கு அது எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொள்வது.